ரொறன்ரோவின் நடைபாதைப் பனியகற்றும் சேவை: தெருமூலையில் நின்று ஒரு மதிப்பீடு

ரொறன்ரோ மாநகரசபை 2021–22 குளிர்காலம் முதல் நகரத்தின் ஏறத்தாழ எல்லா நடைபாதைகளிலும் தன் பொறுப்பிலேயே பனியை அகற்றி வருகிறது. சொத்துவரியிலிருந்து நாம் எல்லோரும் பணம் செலுத்தும் இந்தச் சேவையை, ஒரு கடையையோ உணவகத்தையோ மதிப்பிடும் அதே கண்டிப்புடன் மதிப்பிட வேண்டும் என்பது என் எண்ணம். ஸ்காபரோவில் வசிப்பவன், பேருந்துத் தரிப்பிடத்துக்கு நாள்தோறும் நடப்பவன், பனிக்காலத்திலும் சைக்கிளைக் கைவிடாதவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: நடைபாதையைப் பொதுச் சொத்தாக ஏற்று அதன் பனிக்குப் பொறுப்பெடுத்த தீர்மானத்துக்கு ஐந்தில் ஐந்து கொடுப்பேன், அந்தத் தீர்மானம் நிறைவேற்றப்படும் விதத்துக்கு மூன்றுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. குறைந்த இரண்டும் தெருமூலைகளிலும் பேருந்துத் தரிப்பிடங்களிலும் சைக்கிள் பாதைகளிலும் போனவை.

இந்தச் சேவையின் பெறுமதியை அறிய அதற்கு முன்பிருந்த நிலையை அறிய வேண்டும். 1998இல் ரொறன்ரோ, ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ, யோர்க், ஈஸ்ற் யோர்க் ஆகிய ஆறும் ஒரே மாநகரமாக இணைக்கப்பட்டன. இணைப்புக்கு முன்னரே ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ போன்ற புறநகர்ப் பகுதிகளில் நடைபாதைப் பனியை இயந்திரங்கள் அகற்றி வந்தன. பழைய ரொறன்ரோ நகரப்பகுதியிலோ பெரும்பாலான தெருக்களில் அது அந்தந்த வீட்டுக்காரரின் வேலையாக இருந்தது. பனி கொட்டி ஓய்ந்து 12 மணி நேரத்துக்குள் தன் வீட்டுக்கு முன்னுள்ள நடைபாதையைத் துப்புரவாக்க வேண்டும் என்று நகரின் துணைவிதி கட்டளையிட்டது. ஒரே வரி, ஒரே மேயர், ஒரே சபை என்றான பின்பும் இந்த வேறுபாடு இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே நீடித்தது என்பதை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. 1980களிலும் 90களிலும் இலங்கையிலிருந்து வந்து ஸ்காபரோவில் குடியேறிய நம்மவர் பலர், நடைபாதையில் இயந்திரம் வருவதை இந்த நாட்டின் பொது வழக்கம் என்றே எண்ணியிருந்தோம். அது நகரத்தின் ஒரு பாதிக்கு மட்டும் உரிய வசதி என்பது, நடுநகரில் வாடகைக்கு இருந்த உறவினரைப் பார்க்கப் போனபோதுதான் பலருக்குத் தெரிந்தது.

வேறுபாட்டுக்கு ஒரு நடைமுறைக் காரணமும் சொல்லப்பட்டது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. புறநகரில் நடைபாதைக்கும் வீதிக்கும் இடையே பெரும்பாலும் ஒரு புல்வெளித் துண்டு இருக்கும். வழித்த பனியை ஒதுக்க அங்கே இடமுண்டு. பழைய நகரத்திலோ நடைபாதை நேரே வீதியின் விளிம்புக்கல்லை ஒட்டி ஓடும். மின்கம்பமும் மரமும் தண்ணீர்க் குழாயும் வாசற்படியும் அதைக் குறுக்கும். பழைய இயந்திரங்கள் அங்கே நுழைய முடியவில்லை. மாநகரசபை ஒடுக்கமான இயந்திரங்களை வைத்துச் சில குளிர்காலங்கள் பரீட்சித்துப் பார்த்து, 2021இல் சேவையை நகரம் முழுவதற்கும் விரிவாக்கியது. இயந்திரம் நுழைய முடியாத சில இடங்களில் வசிக்கும் முதியவர்களும் உடல் இயலாமை உள்ளவர்களும் தனியே விண்ணப்பித்து உதவி பெறவும் வழி இருக்கிறது. விண்ணப்பிக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது என்பதால் இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

இப்போது சேவை எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். நடைபாதையிலும் தடுப்புடன் பிரிக்கப்பட்ட சைக்கிள் பாதையிலும் 2 சென்ரிமீற்றர் பனி சேர்ந்தால் இயந்திரம் புறப்பட வேண்டும் என்பது நகரத்தின் வரையறை. குடியிருப்புத் தெருக்களில் கார் ஓடும் பகுதியை வழிப்பதற்கோ 8 சென்ரிமீற்றர் சேர வேண்டும். அதாவது, எழுத்தில் பார்த்தால், என் தெருவில் காருக்கு முன்னர் நடப்பவருக்கே முறை வருகிறது. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். கார்ச் சக்கரம் 5 சென்ரிமீற்றர் பனியை எளிதாகத் தாண்டிவிடும். வோக்கர் பிடித்து நடக்கும் முதியவருக்கும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளும் தாய்க்கும், சக்கரநாற்காலியில் செல்பவருக்கும் அதே 5 சென்ரிமீற்றர் பயணத்தையே நிறுத்திவிடும். வரையறை எழுதியவர்கள் இதை உணர்ந்திருக்கிறார்கள்.

நேரான நடைபாதைத் துண்டுகளைப் பொறுத்தவரை வேலையும் நன்றாகவே நடக்கிறது. விடிவதற்கு முன்னரே மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு அந்தச் சிறிய இயந்திரம் போய்விட, காலை வேலைக்குப் புறப்படுகிறவர் நடக்க ஓர் ஒழுங்கான தடம் கிடைத்துவிடுகிறது. அந்தத் தடம் வெறும் கொங்கிறீற்றாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது சரியன்று. நடைபாதைப் பாளங்களின் மேடுபள்ளத்தில் இயந்திரத்தின் வழிக்கும் அலகு முட்டி உடையாதிருக்க அதைச் சற்று உயர்த்தியே ஓட்டுகிறார்கள். ஆகவே ஒரு மெல்லிய படலம் எஞ்சும், அதற்கு மேல் உப்போ மணலோ தூவப்படும். குளிர் மைனஸ் 10 பாகைக்குக் கீழே போகும்போது உப்பின் வேலை விரைவாகக் குறைந்துவிடுகிறது என்பதையும், தூவிய உப்பு அத்தனையும் இளவேனிலில் ஹைலண்ட் கிறீக் போன்ற நமது ஓடைகளில்தான் போய்ச் சேருகிறது என்பதையும் நினைவில் வைத்தால், மேலும் மேலும் உப்புக் கேட்பது தீர்வாகாது என்பது விளங்கும். வழித்தல் ஒழுங்காகவும் உரிய நேரத்திலும் நடந்தால் உப்பின் தேவை தானாகவே குறையும்.

குறை தொடங்குவது நடைபாதை முடியும் இடத்தில். வீதியை வழிக்கும் பெரிய இயந்திரம் பனியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. சந்தியில் திரும்பும்போது அந்தப் பனி முழுவதும் தெருமூலையில், அதுவும் சக்கரநாற்காலிக்காகவே வெட்டிய சரிவின் மேல், முழங்கால் உயர வரம்பாகக் குவிகிறது. அதற்கு முன்னரே நடைபாதை இயந்திரம் வந்து போயிருந்தால் அதன் உழைப்பு வீணாகிறது. பின்னர் வந்தாலும் இறுகிய வரம்பை உடைக்கும் வலு அதற்குப் பெரும்பாலும் இல்லை. வீதி துப்புரவு, நடைபாதையும் துப்புரவு, இரண்டுக்கும் நடுவேயுள்ள ஒரு மீற்றர் மட்டும் யாருடைய கணக்கிலும் இல்லாமல் கிடக்கிறது. கணக்கெடுப்பில் நடைபாதை கிலோமீற்றர்களில் அளக்கப்படுகிறது. நகரத்தில் ஏறத்தாழ 7,900 கிலோமீற்றர் நடைபாதை இருக்கிறது. நடப்பவரின் பயணமோ அப்படி அளக்கப்படுவதில்லை. வாசலிலிருந்து தரிப்பிடம் வரை உள்ள வழியில் ஓரிடம் அடைபட்டிருந்தாலும் முழு வழியும் அடைபட்டதாகவே பொருள். ஆற்றுக்குக் குறுக்கே நல்ல பாலம் கட்டி, இரு கரையிலும் ஏறும் படியை மட்டும் விட்டுவிட்டால் அந்தப் பாலத்தால் யாருக்குப் பயன்?

பேருந்துத் தரிப்பிடங்களிலும் இதே நிலைதான். நிழற்குடையைச் சுற்றித் துப்புரவாக இருக்கும். ஆனால் பேருந்தின் கதவு திறக்கும் இடத்தில் வீதிப் பனி வரம்பாக நிற்கும். முன்கதவால் ஏறுகிறவர் எப்படியோ கால் வைத்து ஏறிவிடுகிறார். சரிவுப் பலகை விரித்து இறங்க வேண்டியவருக்கு அங்கே இடமே இல்லை. ஒன்ராறியோவில் உடல் இயலாமை உள்ளவர்களுக்கான அணுகல்வசதிச் சட்டம் 2005இல் நிறைவேறியது. 2025ஆம் ஆண்டுக்குள் மாகாணம் முழுவதும் தடையற்றதாக வேண்டும் என்பது அதன் இலக்கு. அதே 2025 பெப்ரவரியில் என்ன நடந்தது என்பதை இந்த நகரத்தில் இருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த மாதம் 8ஆம் தேதிக்கும் 16ஆம் தேதிக்கும் இடையே அடுத்தடுத்து வந்த புயல்களில் 50 சென்ரிமீற்றருக்கு மேல் பனி கொட்டியது. ரொறன்ரோவில் வழக்கமாகப் பனியை ஓரத்துக்கு ஒதுக்குவார்களே தவிர, அள்ளி ஏற்றி அப்புறப்படுத்துவதில்லை. இரண்டு புயல்களுக்கு நடுவே உருகிப் போய்விடும் என்பதே அதன் அடிப்படை. அந்த முறை உருகவில்லை. ஒதுக்க இடமில்லாமல் வீதிகள் குறுகின, நடைபாதைகளின் மேல் வீதிப் பனி ஏறியது, சைக்கிள் பாதைகள் பனிக் களஞ்சியங்களாயின. அள்ளும் பணி வாரக்கணக்கில் நீண்டது. மேயர் ஒலிவியா சௌ, நகரத்தின் பனியகற்றும் பணியை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்று கோரினார். இயற்கையின் சீற்றத்துக்கு நகரசபையைக் குறைசொல்வது நியாயமன்று என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். பனி கொட்டியதற்கு யாரும் பொறுப்பில்லை என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் குறைந்த ஆட்களையும் இயந்திரங்களையும் வைத்துக்கொண்டு எதை முதலில் துப்புரவாக்குவது என்று தீர்மானிப்பது மனிதரின் வேலை. அந்தத் தீர்மானத்தில் நடப்பவர் பின்னுக்குத் தள்ளப்பட்டார் என்பதே என் குற்றச்சாட்டு.

பணியில் பெரும்பகுதியைச் செய்வது தனியார் ஒப்பந்தகாரர்கள். 2020 அக்ரோபரில் நகரத்தின் தலைமைக் கணக்காய்வாளர் வெளியிட்ட அறிக்கை, ஒப்பந்தகாரர்களின் வாகனங்களில் பொருத்தப்பட்ட ஜிபிஎஸ் தரவுகளைக் கொண்டு வேலை உண்மையில் நடந்ததா என்று நகர நிர்வாகம் சரிவரச் சரிபார்க்கவில்லை எனச் சுட்டிக்காட்டியது. அதன் பின்னர் 2022–23 குளிர்காலத்திலிருந்து புதிய ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்தன. நீட்டிப்புகளும் சேர்ந்தால் பத்து ஆண்டுகளுக்கு அவற்றின் பெறுமதி ஏறத்தாழ 150 கோடி டொலர். ஒரு வட்டாரத்தின் வீதி, நடைபாதை, சைக்கிள் பாதை அனைத்தையும் ஒரே ஒப்பந்தகாரரிடம் ஒப்படைத்து, விளைவைப் பார்த்துப் பணம் கொடுப்பது என்பது புதிய முறையின் கருத்து. கருத்து நல்லதே. வீதியும் நடைபாதையும் ஒருவர் கையில் இருந்தால், தான் தள்ளிய பனியைத் தானே எடுக்க வேண்டிவரும் அல்லவா? ஆனால் அந்தப் பயன் கிடைக்க வேண்டுமானால் தெருமூலை ஒரு தனி வேலையாக ஒப்பந்தத்தில் எழுதப்பட்டு, தனியே பார்வையிடப்பட வேண்டும். இயந்திரம் ஒரு தெருவில் ஓடியதை ஜிபிஎஸ் காட்டும். அது ஓடி முடித்த பின் மூலையில் சக்கரநாற்காலி செல்ல வழி இருந்ததா என்பதை அது காட்டாது. அதற்கு ஒரு மனிதர் நடந்து போய்ப் பார்க்க வேண்டும்.

சைக்கிள் பாதைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அங்கே குறையின் வேர் ஒன்றுதான். தடுப்பு வைத்துப் பிரித்த பாதைகளுக்கு ஒடுக்கமான தனி இயந்திரம் வருகிறது. ஏரிக்கரையோரம் செல்லும் மார்ட்டின் குட்மன் பாதையும் குளிர்காலத்தில் பராமரிக்கப்படுகிறது. இவற்றில் சாதாரணப் பனி நாள்களில் நம்பிப் பயணிக்கலாம். வெறும் வெள்ளைக் கோடு மட்டும் போட்ட பாதைகளோ வீதியின் பகுதியாகவே வழிக்கப்படுகின்றன. பெரிய இயந்திரம் ஓரத்துக்கு ஒதுக்கும் பனி வந்து தங்குவதும் அந்தக் கோட்டுக்குள்தான். வரைபடத்தில் சைக்கிள் பாதை, குளிர்காலத்தில் பனிக் கிடங்கு. பள்ளத்தாக்குகளின் வழியே செல்லும் அழகான பாதைகள் பலவற்றின் நுழைவாயிலில், குளிர்காலப் பராமரிப்பு இல்லை என்ற பலகை இருக்கிறது. பொழுதுபோக்குக்குச் செல்பவர் அதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் இன்று இந்த நகரத்தில் குளிர்காலத்தில் சைக்கிள் ஓட்டுபவர்களில் உணவு விநியோகம் செய்யும் இளைஞர்கள் எத்தனை பேர் என்று கண்ணால் பார்க்கிறோம். அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. ஒரு பாதை திடீரென முடிந்துவிட்டால் அவர்கள் திரும்பிப் போவதில்லை, கார்களுக்கு நடுவே இறங்குகிறார்கள்.

விழுந்து அடிபட்டால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி நம்மவரிடையே அடிக்கடி எழுகிறது. தவறான நம்பிக்கைகளும் நிறைய. நடைபாதையில் பனியிலோ பனிக்கட்டியிலோ சறுக்கி விழுந்தவருக்கு, மிக மோசமான அலட்சியம் என்று நிரூபிக்கப்பட்டால் தவிர, நகரசபை இழப்பீடு கொடுக்க வேண்டியதில்லை என்று 2006ஆம் ஆண்டின் ரொறன்ரோ நகரச் சட்டம் கூறுகிறது. சாதாரண அலட்சியம் போதாது. அத்துடன் விழுந்த இடம், நேரம் முதலிய விபரங்களை 10 நாள்களுக்குள் எழுத்தில் நகரசபைக்கு அறிவிக்க வேண்டும். இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருப்பவருக்குப் பத்து நாள் என்பது மிகக் கொஞ்சம். நியாயமான காரணம் இருந்தால் நீதிமன்றம் விலக்களிக்க இடமுண்டு என்றாலும், குடும்பத்தவர் யாராவது உடனே எழுதி அனுப்பிவிடுவது நல்லது. விழுந்தது கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடம் போன்ற தனியார் இடத்தில் என்றால் வேறு விதி: 2021 ஜனவரி 29 முதல், அங்கே 60 நாள்களுக்குள் அறிவித்தல் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்காரரின் பொறுப்பு என்ன? ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில், வோன் நகரில் ஒரு வீட்டின் முன்னால் விழுந்தவர் தொடர்ந்த வழக்கில் ஒரு தெளிவான நிலைப்பாட்டை எடுத்தது. வீட்டுக்காரர் நடைபாதையைத் துப்புரவாக்க வேண்டும் என்று நகரத் துணைவிதி சொன்னாலும், அந்த நடைபாதை நகரத்துக்கே உரியது. அங்கே நேர்ந்த காயத்துக்கு வீட்டுக்காரரை இழப்பீட்டுக்கு உரியவராக்க அந்தத் துணைவிதி மட்டும் போதாது என்றது நீதிமன்றம். விலக்குகள் உண்டு: கூரைத் தண்ணீர் உங்கள் வளவிலிருந்து வடிந்து நடைபாதையில் உறைந்தால் அது உங்கள் பொறுப்பாகலாம். நகரத்தின் சேவை வந்துவிட்டது என்பதால் நம் கடமை அனைத்தும் தீர்ந்துவிடவில்லை. டிரைவ்வேயில் அள்ளிய பனியை நடைபாதைக்கோ வீதிக்கோ தள்ளுவது துணைவிதிப்படி குற்றம். அதைவிட மேலாக, இயந்திரம் வந்து போன தடத்தின் மேல் அந்தப் பனியைப் போடும்போது நாம் அடைப்பது அடுத்த வீட்டு ஆச்சியின் வழியை.

வேறு நகரங்களைப் பார்த்தால் இதைவிடச் சிறப்பாகச் செய்ய முடியும் என்பது தெரிகிறது. மொன்றியல் நகரம் 10,000 கிலோமீற்றர் வீதிகளிலும் நடைபாதைகளிலும் பனியை அகற்றுகிறது. நடைபாதைகளில் சிறிய இயந்திரங்கள் ஓடிப் பனியை வீதிக்குத் தள்ள, பெரும் பனிப்பொழிவுகளின் பின்னர் முழுத் தெருவையும் வெறுமையாக்கிப் பனியை லொறிகளில் ஏற்றிச் செல்கிறார்கள். அதில் ஒரு பெரும்பகுதி சென் மிஷேல் பகுதியிலுள்ள பழைய பிராங்கோன் கற்குவாரியில் போய்ச் சேர்கிறது. நிறுத்திய கார்களை எடுக்கச் சொல்லிச் சங்கொலி எழுப்பும் அந்த முறையில் செலவு அதிகம், தொந்தரவும் உண்டு. ஆனால் பனி நடப்பவர் தலையில் கட்டப்படுவதில்லை. சுவீடனின் கார்ல்ஸ்கூகா என்ற சிறு நகரம் இன்னும் எளிதான ஒன்றைச் செய்தது. முதலில் பெருவீதிகள், கடைசியில் நடைபாதைகள் என்ற வரிசையை மாற்றி, பாலர் பாடசாலைகளுக்குச் செல்லும் வழிகளையும் நடைபாதைகளையும் சைக்கிள் பாதைகளையும் முதலில் துப்புரவாக்கத் தொடங்கியது. காரில் செல்வோரில் ஆண்களும், நடந்தும் பேருந்திலும் செல்வோரில் பெண்களும் கூடுதலாக இருப்பதைக் கவனித்ததே அதற்குக் காரணம். செலவை ஏற்றாமல் வரிசையை மட்டும் மாற்றிய செயல் அது. ஸ்காபரோவின் காலைப் பேருந்துகளில் முதியோர் இல்லங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குச் செல்லும் பெண்களைப் பார்க்கும்போது, அதே தர்க்கம் இங்கும் அப்படியே பொருந்துகிறது.

ஆகவே மாநகரசபையிடம் நான் எதிர்பார்ப்பது புதிய திட்டம் அன்று. பேருந்து ஓடும் வீதிகளின் சந்திகளில், வீதி இயந்திரம் கடைசியாக வந்து போன பின்னர் ஓர் ஆள் மண்வெட்டியுடனோ சிறு இயந்திரத்துடனோ வந்து நான்கு மூலைகளையும் திறந்துவிட வேண்டும். அது முடியும்வரை அந்த வீதி துப்புரவானதாகக் கணக்கில் ஏறக்கூடாது. மருத்துவமனை, பாடசாலை, முதியோர் குடியிருப்பு ஆகியவற்றைச் சூழ்ந்த மூலைகளில் தொடங்கலாம். 150 கோடி டொலர் ஒப்பந்தத்தில் இதற்கு இடமில்லை என்றால், அந்த ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும்.

இதை வாசிப்பவர்களுக்கு ஒரு நடைமுறை வேண்டுகோள். உங்கள் தெருமூலை அடைபட்டிருந்தால் 311 என்ற எண்ணை அழையுங்கள். தமிழில் பேச வேண்டுமானால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பொதுவாக "எங்கள் தெருவில் பனி" என்று சொன்னால் இயந்திரம் ஓடிய பதிவைப் பார்த்து முறைப்பாட்டை மூடிவிட இடமுண்டு. எந்தச் சந்தி, எந்தத் திசையிலுள்ள மூலை, சரிவு அடைபட்டிருக்கிறதா, பேருந்துத் தரிப்பிடமா என்று தெளிவாகச் சொல்லி, முறைப்பாட்டு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, ஒரு படமும் எடுத்து வையுங்கள். இரண்டு நாளில் எதுவும் நடக்காவிட்டால் அந்த எண்ணையும் படத்தையும் உங்கள் வட்டார நகரசபை உறுப்பினரின் அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.